பெயரும் உடைமையும்: பொக்கெமொன் பெயர்களிற் சிலேடை

சொல்விளையாட்டு என்றதும் எமது திறனாய்வாளர் காளமேகத்தை நினைவுகூர்வர். அன்றேல் அதனைப் புலமைக் கேளிக்கை எனத் தள்ளிவிடுவர். இவ்விரு நோக்குகளும் சிலேடையைத் தனியொருவரின் சாமர்த்தியமாகவே கொள்கின்றன. ஒரு மொழியைப் பொதுவிற் பயிலும் சமூகம் இன்றிச் சிலேடை பிறக்காது என்பது மறக்கப்படுகின்றது. இதற்கான தெளிவான சான்றொன்று, எமது ஆய்வேடுகள் அரிதாகவே எட்டிப்பார்க்கும் களத்தில் உள்ளது. 1996 பெப்ரவரியில் யப்பானில் நின்டென்டோ வெளியிட்ட பொக்கெமொன் என்னும் மின்னணு விளையாட்டையே குறிப்பிடுகின்றோம். அதில் வாழ்ந்த 151 கற்பனை உயிரினங்களுக்கும் பெயர் தேவைப்பட்டது.

முதுகில் வித்தொன்றைச் சுமக்கும் பிராணி புஷிகிதனே எனப்பட்டது. 'புஷிகி' என்பது விந்தை. 'தனே' என்பது விதை. ஆயினும் அதே ஒலித்தொடர் 'புஷிகி-த-னே' எனப் பிரிந்து, "விந்தையாக இருக்கிறதல்லவா" என்னும் அன்றாடப் பேச்சாகவும் யப்பானியர் செவியில் விழும். வாலிற் சுடர் ஏந்திய பல்லி ஹிதோககே. 'ஹி' நெருப்பு, 'தோககே' பல்லி. 'ஹிதோ' எனவும் 'ககே' எனவும் பிரித்தாலோ மனிதனின் நிழல் தோன்றும். தண்டியலங்காரம் பிரிமொழிச் சிலேடை என வகுத்தது இதனையே. மூன்றாவதான ஸெனிகமே புனையப்பட்ட பெயரே அன்று. குளத்தாமைக் குஞ்சுக்கு மக்கள் வழங்கும் பெயர். (தொல்காப்பிய மரபியலின் இளமைப்பெயர்களைப் படித்தோர் இதன் சுவையை உடன் உணர்வர்.) ஆகவே இப்பெயர்களின் புதுமை சூனியத்திலிருந்து எழுந்ததன்று. வழக்கிலுள்ள சொற்களை எதிர்பாராத இடத்திற் பொருத்துவதே அவற்றின் தனித்தன்மை.

1998இல் ஆங்கிலப் பதிப்பு வந்தபோது புஷிகிதனே பல்பசோர் ஆயிற்று. பூண்டையும் தொல்விலங்கையும் இணைத்த அப்பெயரில் அன்றாடப் பேச்சின் வியப்பு இல்லை. பிரெஞ்சினர் பல்பிஸார் என்றனர். விந்தையைக் குறிக்கும் சொல் அதன் ஈற்றில் மீண்டும் குடியேறியது.

எனினும், மூலமே உயர்ந்தது, பெயர்ப்பு தாழ்ந்தது என விதிப்பது அவசரமாகும். பனி, மின்னல், தீ ஆகியவற்றுக்குரிய மூன்று பறவைகளுக்கு யப்பானிய ஆசிரியர் ஃப்ரீஸர், தண்டர், ஃபயர் என ஆங்கிலச் சொற்களையே சூட்டினர். அந்நிய மொழியின் கவர்ச்சியன்றி அவற்றில் வேறொன்றும் இல்லை. ஆங்கிலத்தார் ஆர்ட்டிகூனோ, ஸப்டோஸ், மோல்ட்ரெஸ் என அமைத்து, ஊனோ, தோஸ், த்ரெஸ் என்னும் ஸ்பானிய எண்களை ஈறுகளில் ஒளித்தனர். ஈண்டு பெயர்ப்பாளரே படைப்பாளி. பாம்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக்கிய எகான்ஸ் எமக்கு மெலிந்ததாகவே படுகின்றது. அது எழுத்துக்கூட்டலின் வித்தை, மொழியின் வளமன்று.

போராளிகள் இருவரின் பெயர்மாற்றம் வேறொரு வினாவை எழுப்புகின்றது. உதைச்சண்டை வீரர் சவமுராவையும் குத்துச்சண்டை வீரர் எபிஹராவையும் நினைவூட்டிய யப்பானியப் பெயர்கள் நீங்கி, புரூஸ் லீயையும் ஜாக்கி சானையும் சுட்டும் பெயர்கள் வந்தன. ஒரு சமூகத்தின் நினைவுக்குப் பதிலாக உலகச் சந்தை அறிந்த முகங்கள் அமர்த்தப்பட்டன.

பிகாச்சு என்னும் பெயரோ ஆங்கிலத்தில் மாற்றப்படவில்லை. 'பிகா' எமது 'பளிச்' போன்ற ஒளிக்குறிப்பு. 'ச்சூ' எலியின் கீச்சொலி. எல்லை கடந்த பெயருடன் இப்பொருள் கடந்து செல்லவில்லை. ஒலி மாத்திரமே சென்றது. வணிகச் சின்னத்துக்கு ஒலி போதுமானது.

அவ்வொலியும் போதாதுபோன தருணம் 2016இல் வந்தது. சீன மொழிப் பதிப்புக்கென எல்லாப் பெயர்களும் ஒருமுகப்படுத்தப்பட்டபோது, ஹொங்கொங் மக்கள் நெடுங்காலம் வழங்கிய, 'சியூ' என முடியும் கன்ரனீஸ் பெயர் கைவிடப்பட்டது. புதிய எழுத்துகள் மன்டரின் வாசிப்பில் பிகாச்சுவை நெருங்கின. கன்ரனீஸ் வாசிப்பிலோ இறுதியசை 'யௌ' என ஒலித்தது. எலியின் கீச்சொலி மறைந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ஹொங்கொங்கின் யப்பானியத் துணைத்தூதரகத்தை நோக்கி ஊர்வலம் சென்றது.

விளையாட்டுப் பொம்மைக்காக ஊர்வலமா எனக் கேட்கலாம். தமது பேச்சுமொழி மன்டரினுக்கு அடுத்ததாகத் தள்ளப்படுகிறது என்ற அச்சம் ஏற்கெனவே அங்கு நிலவியது. ஓரசையின் இழப்பு அதற்கு உருவம் கொடுத்தது. பெயரின் சட்ட உடைமை நிறுவனத்திடம் உள்ளது. ஆயினும் 'பிகா'வையும் 'ச்சூ'வையும் நிறுவனம் எதுவும் படைக்கவில்லை. அவை அதற்கு முன்பே யப்பானியக் குழந்தைகளின் வாயில் இருந்தன. ஹொங்கொங் மக்கள் திருப்பிக் கேட்டதும் தமது வாயில் இருந்ததையே.