திருவண்டப்பகுதியும் வானநூலும்

திருவாசகத்துள் மூன்றாவதாக நிற்பது திருவண்டப்பகுதி. இணைக்குறள் ஆசிரியப்பாவாகிய இது 182 அடிகளையுடையது. தில்லையில் அருளப்பெற்றதென்பது மரபு. சிவனது தூல சூக்குமத்தை வியத்தலே இதன் கருத்தென முன்னோர் வகுத்துரைத்தனர். உருண்டை வடிவினவாகிய அண்டங்கள் நூற்றொரு கோடிக்கு மேலாகப் பரந்தன என்றும், அவையெல்லாம் மனையினுள் நுழையும் கதிரொளியில் மிதக்கும் துகள்கள்போற் சிறுத்துத் தோன்றுமாறு இறைவன் பெரியன் என்றும் இதன் தொடக்கம் கூறும்.

இத்தொடக்கத்திற்கு இக்காலத்துச் சொற்பொழிவுகளில் ஓர் உரை பெருவழக்காயிற்று. மேனாட்டார் தொலைநோக்கியாற் கண்டவற்றை வாதவூரடிகள் பன்னூற்றாண்டுகட்கு முன்னரே கண்டு கூறினார் என்பதே அது. பட்டு நெசவிற் பேர்பெற்ற ஆரணி முதலாய ஊர்களில் திருவாசகத்தை அன்போடு ஓதுவார் பலர். அவ்வன்பு எதன்மேல் நிற்றல் வேண்டும் என்னும் வினா இவ்வுரையிற் பொதிந்திருத்தலின், இஃது ஆராயற்பாலது.

அவ்வுரைகாரர் காட்டும் சான்றுகள் மூன்று: அண்டங்களை உருண்டை என்றமை, அவற்றைக் கோடிக்கணக்கின என்றமை, ‘விரிந்தன’ என்னும் சொல், விண்மீன் மண்டிலங்கள் தொலைவிற்கேற்ப விலகிச் செல்லுதலைக் குறித்து 1929-ஆம் ஆண்டில் ஹபிள் வெளியிட்ட முடிபோடு ஒத்தல். இவற்றுள் முதலாவது புதுமையன்று. அண்டம் என்னும் சொல்லே முட்டையைக் குறிப்பதாகலின், அவ்வடிவம் புராணங்களிற் பழகியதே. மூன்றாவது சொற்பொருளுக்கு ஒவ்வாது; தொகையாற் பரந்து கிடத்தலையன்றி, ஒன்றைவிட்டு ஒன்று அகன்றோடுதலை அச்சொல் ஈண்டு உணர்த்தவில்லை. இனி எண்ணைப் பற்றியதோ எனின், மண்டிலங்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் கோடி எனக் கணித்தது 2016-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அளந்த வானொளியைக் கொண்டு, அவை பல பதினாயிரம் கோடியே இருத்தல் கூடும் எனக் குறைத்தது 2021-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி. பாட்டின் எண் இவற்றுள் எதனோடு ஒக்கும்? எண்ணொப்புமையால் நூலை உயர்த்துவோர், எண் மாறுந்தோறும் அதனைத் தாழ்த்துதற்கும் உடன்படல் வேண்டும்.

அற்றேல் அடிகள் எண் கூறியது எற்றுக்கெனின், எண்ணுதலின் எல்லையைக் காட்டுதற்கேயாம். சொல்லப்புகின் இவ்வளவிற்கும் மேற்படும் என்பதே அத்தொடரின் நடை. கூறிய எண்ணைக் கூறியவரே கடந்து செல்கின்றார். பின்னரும், இவ்வுபாயத்தாற் காண்போம் எனக் கருதியிருந்தார்க்கு அவ்வுபாயத்தினுள்ளேயே இறைவன் ஒளிந்துகொண்டான் என்கின்றார். முன்கூட்டிக் கண்ட பெருமையைப் பேச வந்த பாட்டாயின் இவ்விடம் வேண்டப்படாது.

மனித அறிவின் இயல்பிற்கு ஆரணிக்கு அண்மையிலேயே ஒரு சான்றுண்டு. ஆரணிக்கு மேற்றிசையில் எழும் சவ்வாது மலையில் உள்ளது காவலூர் வானாய்வகம். யுரேனஸ் என்னும் கோளை ஹெர்ஷெல் 1781-இற் கண்டார். அதற்கு வளையங்கள் உண்டென்பது பின்னும் இருநூறாண்டளவு புலனாகவில்லை. 1977 மார்ச்சு 10-ஆம் நாள் அக்கோள் ஒரு விண்மீனை அணுகியபொழுது, காவலூரின் ஒரு மீட்டர்த் தொலைநோக்கியில் அம்மீனின் ஒளி சிறிது குறைந்தது. அது புதியதொரு துணைக்கோளால் நேர்ந்ததென அங்கே முதலிற் கருதப்பட்டது. பிறவிடங்களிற் கண்டவற்றோடு ஒப்பிட்ட பின்னரே வளையம் எனத் துணியப்பட்டது. காட்சியளவையால் வந்தது ஒளிக்குறைவு ஒன்றே. துணைக்கோள், வளையம் என்னும் இரண்டும் கருதலளவையால் வந்தன. திருத்தமுறுதல் அவ்வறிவிற்கு இழுக்கன்று. அதுவே அதன் அறம்.

மெய்கண்டார் சிவஞானபோதத்தின் ஆறாஞ் சூத்திரத்தில், சுட்டியறியப்படுவதை அசத்தென்றும், எவ்வாற்றானும் அறியப்படாததை இல்பொருளென்றும் விலக்கி, இறைவன் அவ்விருதிறனும் அல்லாத சிவசத்து என நிறுவுவர். மண்டிலங்களின் தொகை சுட்டறிவின்பாற்படும், ஆதலின் மாறும். அதனால் அது வெறுக்கத்தக்கதாகாது. மாயையின் கருவிகளைப் பொழுது புலருமளவும் உதவும் விளக்கென உமாபதி சிவம் கொண்டமையின், தொலைநோக்கியும் அவ்விளக்கின் ஒரு சுடரேயாம். விளக்கைக் கதிரவன் என்பதும் பிழை. விளக்கை அவிப்பதும் பிழை.

1990 பிப்ரவரி 14-ஆம் நாள் வாயேஜர்-1 விண்கலம் ஏறக்குறைய 600 கோடி கிலோமீட்டர்த் தொலைவிலிருந்து எடுத்த படத்தில், இந்நிலவுலகம் கதிரொளிக் கீற்றிடையே ஒரு துகளாய்த் தோன்றிற்று. அடிகளது உவமையை நினைந்து வியத்தல் இயல்பே. ஆயினும், படம் உலகின் சிறுமையைக் காட்டி அவ்வளவில் அமையும். பாட்டோ அண்டங்களைத் துகளாக்கிய பெரியோன் சிறியதோர் உயிரின்பால் எளிவந்து, தேனும் அமுதுமாய் இனித்தமையைக் கூறி முடியும். மனிதன் அளவாற் சிறியன். அருளைப் பெறுதற்கு உரிமையாற் சிறியனல்லன். இவ்விரண்டையும் ஒருங்கே கூறுதலே இப்பகுதியின் தனிச்சிறப்பு. முன்னறிவித்தல் என்னும் உரை இவ்விரண்டாவதனை மறைத்துவிடுகின்றது.

ஆரணித் தறியில் அமர்ந்து பட்டு நெய்வார்க்குக் கண்முன் நிற்பது ஒருசில சாண் துணியே. நெய்தது மரத்திற் சுருண்டு கிடக்கும். நெய்யவேண்டிய பாவு எதிரே நீண்டு கிடக்கும். கண்டதையே முழுச்சேலையென அவர் கொள்ளார். முழுமை தெரியாமை பற்றி நாடாவைக் கைவிடவும் செய்யார். திருவண்டப்பகுதிக்கு உரைகாண்பார்க்கும் வானத்தை ஆராய்வார்க்கும் ஒருங்கே வேண்டப்படுவது அவ்வடக்கமும் அவ்வூக்கமுமேயாம்.