கதை தெரிந்தால் போதுமா?

தஞ்சைப் பக்கம் மெலட்டூரில் பிரகலாதன் கதையைத் தெலுங்கில் ஆடும் நாட்டிய நாடகமான பாகவத மேளாவைப் பற்றி எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: இது வழிபாடு, வழிபாட்டுக்கு மொழி எதற்கு? பிரகலாதன் கதை தெரியாதவர் உண்டா? இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆட்டத்தின் தரத்தில் ஐயமில்லை. நரசிம்ம ஜெயந்தி இரவில், வரதராஜப் பெருமாள் கோயில் எதிரே கோணங்கி துள்ளி வருவதும், பிள்ளையார் முகமூடியணிந்த சிறுவன் ஆடுவதும், ஆண்களே பெண் வேடத்தை அபிநயத்தால் நிலைநிறுத்துவதும் எளிதில் வாய்க்காத பயிற்சி. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் இதற்காகவே ஊர் திரும்புகிறார்கள். மேடையில் பெண்களுக்கு இடமில்லை என்பது தனி வழக்கு.

என் குறை வேறு. இந்த நாடகத்தை இயற்றிய வேங்கடராம சாஸ்திரி தியாகராஜர் காலத்தவர், தெலுங்கில் எழுதியவர். அரண்மனையும் சங்கீதமும் தெலுங்கில் திளைத்த தஞ்சையில் அது இயல்பு. இன்று சுற்றுக் கிராமத்தார் எத்தனை பேருக்கு அந்த வசனம் புரியும்? கதை தெரியும் என்பதாலேயே அந்தக் கேள்விக்கு வலு கூடுகிறது. தூண் பிளக்கும், சிங்கம் வரும், இரணியன் மாள்வான். முடிவு தெரிந்த நாடகத்தில் மிஞ்சுவது பேச்சுதான்: மகனை மடக்க அப்பன் தேடும் நியாயம், மகன் தரும் மறுமொழி, கணவனுக்கும் பிள்ளைக்கும் நடுவே லீலாவதி படும் பாடு. சாஸ்திரி அக்கறையோடு கட்டியது இதைத்தான். அது எட்டாதவர்களுக்கு இரவு முழுவதும் நரசிம்ம முகமூடிக்கான காத்திருப்பாகிவிடுகிறது. விடியலில் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போகிறார்கள். சாமி பார்த்தார்கள், நாடகம் பார்க்கவில்லை.

தியாகராஜ கீர்த்தனையை மட்டும் புரிந்தா கேட்கிறோம் என்பார்கள். கீர்த்தனையை ராகம் தாங்கும். வாக்குவாதத்தை ராகம் தாங்காது.

இதே டெல்டாவில் சீர்காழி அருணாசலக் கவிராயர் ராம நாடகத்தைத் தமிழில் செய்தார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் தமிழில் இருந்ததால்தான் பண்ணையார் பேச்சு கேட்டவர்களைச் சுட்டது. ஆர்சுத்திப்பட்டு கிராமத்தில் இதே இரணியன் கதை தமிழில் ஆடப்படுகிறது. அங்கே பக்தி குறைந்துவிட்டதா?

ஆட்டத்துக்கு முன் கதைச் சுருக்கம் சொல்வது தீர்வாகாது. தெரிந்த கதையையே அது திரும்பச் சொல்கிறது. தரு எனப்படும் பாடல்கள் தெலுங்கிலேயே இருக்கட்டும், அவற்றின் இசை அந்தச் சொற்களோடு பிணைந்தது. இடைவரும் வசனத்தைத் தமிழாக்கலாம். ஜெயந்தி வரும் மே மாதம், மேட்டூர் அணை திறக்கச் சில வாரம் இருக்கும்போது, ஆற்றுப் பாசனத்தை நம்பியவருக்கு வேலை குறைந்த காலம். கேட்க ஆள் இருக்கிறது. முழு இரவையும் மாற்றத் தயக்கமென்றால், லீலாவதி மகனுக்காக இரணியனிடம் மன்றாடும் காட்சியை மட்டுமாவது அடுத்த ஜெயந்தியில் தமிழில் பேசட்டும்.