சாத்தும் சாத்திய கதவும்

கேரவன் என்றவுடன் நம் ஜனங்களின் மனக்கண்ணில் தோன்றுவது, படப்பிடிப்புக்கு நடுவே நட்சத்திர நடிகர் வெயில் படாமல் ஒதுங்கிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி வண்டிதான். பாரசீகத்தில் ஒட்டக வரிசைக்கு வழங்கிய பெயர், ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு கோடம்பாக்கத்தில் வந்து இறங்கி, இந்த ஓர் அர்த்தத்திலேயே நிலைத்துவிட்டது. சரக்கேற்றிக் கூட்டமாய்ப் பிரயாணம் செய்யும் வணிகர் திரளுக்குச் சாத்து என்ற சொல் தமிழில் பண்டே உண்டு. கோவலனுடைய தகப்பனார் மாசாத்துவான் என்று பெயர் பெற்றதும் அந்தச் சாத்தை ஒட்டித்தான். ஆகையால் இக்கட்டுரையில் நான் பரிசோதித்த வாகனத்தைச் சாத்து வண்டி என்றே சொல்லப்போகிறேன். ஆயுளைத் தமிழ் வகுப்பறையில் கழித்தவனுக்கு இவ்வளவு சலுகையாவது தர வாசகர்கள் மறுக்கமாட்டார்கள்.

சென்ற பங்குனியில் அத்தகைய வண்டியொன்றை நான்கு நாட்களுக்கு வாடகைக்கு அமர்த்தி, நானும் என் மனைவியும் சாயர்புரத்திலிருந்து புறப்பட்டுத் தூத்துக்குடியைத் தொட்டு, பழையகாயல், காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே போய் வந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கல்யாண வீட்டாரையும் சுமந்து செல்லும் வேனின் உடலையே எடுத்து, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, சுவரிலும் கூரையிலும் உஷ்ணத்தைத் தடுக்கும் நுரைப்பலகையைப் பதித்து, அதன்மேல் தேக்கென்று நம்பவைக்கும் ஒட்டுப்பலகையை அறைந்து, பின்புறத்தில் இருவர் படுக்கும் மெத்தையும், நடுவில் முழு அடுப்படியும், வாசலருகே குளியலறையோடு சேர்ந்த கழிப்பறையும் அமைத்திருந்தார்கள். நீளம் 20 அடி. உயரம் ஒன்பதரை அடி. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்டதாதலால் இலகுரக வாகன உரிமம் உள்ளவர் எவரும் ஓட்டலாம் என்பது சட்டம். ஆனால் எங்கள் ஆள்தான் ஓட்டவேண்டும் என்பது வண்டிக்காரரின் நிபந்தனை.

தம்பதிகளின் தனிமைக்கென்று விளம்பரம் செய்யப்பட்ட வண்டியில் மூன்றாமவர் ஒருவர் ஏறியது முதலில் எனக்குச் சற்று விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் உல்லாசப் பிரயாணத்துக்கென்று இங்கிலாந்தில் 1885-இல் ‘வாண்டரர்’ என்ற வண்டியைக் கட்டுவித்த கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை வைத்தியர்கூட, இரண்டு குதிரை பூட்டிய அந்த வீட்டில் தனியாகப் போகவில்லை. வண்டியோட்டியும் பணியாளும் உடன் சென்றார்கள். இந்த வாகனம் பிறந்தபோதே ஆளோடுதான் பிறந்தது. எங்களுக்கு வாய்த்த ஓட்டுநர் தம்பியோ, வண்டியைப்பற்றி அதைச் செய்தவர்களைவிட அதிகம் அறிந்தவர் என்பது போகப்போகத்தான் விளங்கிற்று.

ஓட்டத்தைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜி. யு. போப் ஐயர் 1842-இல் வந்து தங்கிக் கல்விச்சாலை நிறுவிய ஊர் எங்கள் சாயர்புரம். அவர் காலத்து மாட்டுவண்டிப் பாதையின் அகலத்தோடு திருப்தியடைந்துவிட்ட சில தெருக்களில் இந்த வண்டியைத் திருப்புவதற்குள் இரண்டு வீட்டு வாசற்படிகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கோயில் கொடைக்காலமாதலால் ஊருக்கு ஊர் தெருவின் குறுக்கே தாழ்ந்து தொங்கிய சீரியல் விளக்கு வயர்களை, ஓட்டுநர் இறங்கி நின்று மூங்கில் கழியால் தூக்கிப்பிடிக்க, உள்ளூர்ப் பையன் ஒருவன் “வரட்டும், வரட்டும்” என்று கைகாட்ட, நத்தை வேகத்தில் கடந்தோம். கடற்கரைச் சாலையை அடைந்தபின் குறையில்லை; லிட்டர் டீசலுக்கு எட்டு கிலோமீட்டர் கிடைத்தது. பழையகாயலுக்கு முன்னால் இருபுறமும் உப்பளங்கள் வெயிலில் பளபளக்க, அம்பாரம் அம்பாரமாய்க் குவிந்த உப்பின்மேல் பட்டு வந்த காற்று வண்டியின் கதவுக்கீல்களில் அன்று மாலைக்குள்ளேயே ஒரு செம்மையைப் பூசிவிட்டது. துருப்பிடிக்காத எஃகில் கீல் போட்டிருந்தால் இன்னும் சில நூறு ரூபாய்தான் ஆகியிருக்கும்.

கொற்கையில் இருந்த துறைமுகம் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடலை இழந்து காயலுக்குப் பெயர்ந்து, மார்க்கோ போலோ கண்ட அந்தக் காயலும் கைவிடப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்த சரித்திரத்தை நினைத்தால், துறைமுகமே வீடு மாற்றிக்கொண்டு திரிந்த கரை இது. இரண்டு வயோதிகர்கள் வீட்டைச் சக்கரத்தில் வைத்துக்கொண்டு போனதில் என்ன ஆச்சரியம் என்று மனைவியிடம் சொன்னேன். அவளோ அலமாரியிலிருந்து வழிந்த இட்லி மாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் அந்தப் பித்தான் பூட்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மரியாதையாகத் திறந்து கொடுத்தது.

முதல் இரவு காயல்பட்டினத்துக்கு அருகே தெரிந்தவர் ஒருவருடைய தென்னந்தோப்பில் தங்கினோம். இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு குளிர்சாதனத்தை முடுக்கியபோது, இந்த வயதில் இப்படியொரு சுகமா என்று இருவரும் வியந்தது உண்மை. ஒரு மணிக்கு அந்தச் சுகம் ஒரு சிறு கூச்சலிட்டு உயிரை விட்டது. கணக்கைப் பின்னர் போட்டுப் பார்த்தேன். 12 வோல்ட்டில் 200 ஆம்பியர்-மணி கொள்ளும் லித்தியம் மின்கலத்தில் அடங்குவது சுமார் இரண்டரை யூனிட். குளிர்சாதனம் மணிக்கு முக்கால் யூனிட்டுக்குக் குறையாமல் குடிக்கும். ஆகவே மூன்று மணி நேரம் என்பது விதி. கூரையில் பரப்பிய 400 வாட் சூரியத் தகடுகள் பங்குனி வெயிலில் நாளெல்லாம் காய்ந்தாலும் ஒன்றரை யூனிட்டைத்தான் ஈட்டும்; அதிலும் குளிர்பதனப் பெட்டி அரை யூனிட்டைத் தன் பங்கென்று எடுத்துக்கொள்ளும். இரவு முழுவதும் குளிர்ச்சி வேண்டுமானால் மின்சாரம் கொடுக்கும் வீடு ஒன்றைத் தேடி அதன் சுவரோரம் வண்டியை நிறுத்த வேண்டும். அப்படி ஒரு வீடு இருந்தால் அதிலேயே படுத்துக்கொள்ளலாமே என்பது என் மனைவியின் தர்க்கம்.

குளிர்சாதனம் நின்றதும் ஜன்னலைத் திறக்கப் போனோம். அங்கேதான் இந்த வண்டியின் பிறவிக் குணம் வெளிப்பட்டது. பக்கத்துக்கு மூன்றாக இருந்த கண்ணாடிகளில் ஒன்றே ஒன்றுதான் திறக்கும். அதுவும் ஒரு சாண். ஏனையவை இறுக ஒட்டிய கறுப்புக் கண்ணாடி. கதவைத் திறந்தாலோ வலைக்கதவு கிடையாது. தோப்பிலிருந்த கொசு அனைத்தும் உள்ளே குடியேறின. நுரைப்பலகைச் சுவர் பகலில் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடுகிறது என்பது மெய். ஆனால் உள்ளே வந்துவிட்ட வெப்பத்தை இரவில் வெளியே விடுவதிலும் அதே பிடிவாதம் காட்டுகிறது. பனி கொட்டும் தேசத்தில் உள்ளிருக்கும் சூட்டைப் பொத்தி வைப்பதற்காக மனிதன் கண்டுபிடித்த பெட்டியின் வடிவத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து, அதன்மேல் நடிகருடைய மறைவுக்கு வேண்டிய கண்ணாடியையும் பொருத்தி, ஓடினால்தான் காற்று என்ற நிலையில் நம் கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். வெளியே எட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் தம்பி, வண்டியின் பக்கவாட்டிலிருந்து விரியும் துணிப்பந்தலின் இரண்டு கால்களிலும் கொசுவலையைக் கட்டி, தோப்புக்காரரின் நார்க்கட்டிலைப் போட்டுக்கொண்டு, ஆனந்தமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இந்தத் துணிப்பந்தலைப்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் சுருளிலிருந்து எட்டடிக்கு நீண்டு வருகிறது. வண்டியோடு கொடுத்த இரும்பு முளைகள் மணலில் நிற்பதாக இல்லை. பிற்பகல் மூன்று மணிக்குக் கடற்காற்று எழுந்ததும் பந்தல் பாயாக மாறி வண்டியையே ஊருக்குள் இழுத்துவிடும் போலத் துடித்தது. ஓட்டுநர் நான்கு சிமெண்டுச் சாக்குகளில் மணலை நிரப்பிக் கால்களில் கட்டிய பிறகு அடங்கிற்று. அதற்குப் பின் எங்கள் சமையல், சாப்பாடு, வெற்றிலை, பத்திரிகை எல்லாம் அதன் நிழலிலேதான். உள்ளே இருந்த மின்னடுப்பை ஒரே ஒரு முறைதான் உபயோகித்தோம். சீலா மீன் குழம்பின் வாசனை மெத்தையிலும் தலையணையிலும் ஏறி, திருச்செந்தூர் வரையில் இறங்கவில்லை. சிறிய எரிவாயு அடுப்பை வெளியே வைத்து, காற்றுக்கு மறைப்பாகப் பனையோலைத் தட்டியைச் சாய்த்து, கருப்பட்டிக் காப்பி போட்ட மறுநாள் காலையிலிருந்துதான் எங்கள் பிரயாணம் பிரயாணமாயிற்று.

தண்ணீர்த்தொட்டி 100 லிட்டர். சாயர்புரத்தில் நிரப்பிய தண்ணீர், மூவருக்கு ஒன்றரை நாளில் தீர்ந்தது. நிரப்பும் வாய், ரப்பர்க் குழாயைத் திருகி மாட்டுவதற்கென்று அமைந்தது; நம் கரையில் தண்ணீர் குடத்தில் வரும் என்ற செய்தி அதற்கு எட்டவில்லை. ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்ற குலசேகரப்பட்டினத்தில், தேநீர்க் கடைக்கார அம்மாள் ஒருத்தி தயவில் ஏழு குடம் தண்ணீரை ஒரு புனல் வைத்து ஊற்றினோம். அதற்குள் சிறுவர் கூட்டம் கூடிவிட்டது. “உள்ள யாரு இருக்கா? எந்த நடிகர்?” என்று ஆவலோடு அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, கையில் இட்லிக் கொப்பரையுடன் என் மனைவி இறங்கினாள். அவ்வளவு பேரை ஒரே சமயத்தில் அவள் ஏமாற்றியது அதுவே முதல் தடவை.

கழிப்பறை ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் அடியிலுள்ள 20 லிட்டர் கழிவுப் பெட்டியை எங்கே கவிழ்ப்பது? ஐரோப்பிய முகாம்களில் அதற்கென்று இடம் உண்டு. கேரளம் 2021-இல் இவ்வகைச் சுற்றுலாவுக்குக் கொள்கை வகுத்தபோது வண்டியோடு வண்டி நிற்கும் பூங்காவையும் சேர்த்தே வகுத்தது. நாங்கள் போன வழியில் அத்தகைய பூங்கா எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. இரவில் கடலோரமாய்க் கவிழ்த்துவிடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்த வளைகுடாவின் பக்கத்தில் அந்தப் பாவத்தைச் செய்ய மனம் வராமல், பெட்டியை மூடி முத்திரையிட்டுச் சாயர்புரம் வரையில் பத்திரமாகக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கழிப்பறைக்கே அர்ப்பணித்தோம்.

மணப்பாட்டில் இரண்டாம் நாள். புனித சவேரியார் 1542-இல் வந்து தங்கியதாகச் சொல்லும் குகையையும், மணற்குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலையும் பார்த்துவிட்டு, ஆசை மிகுந்து வண்டியைக் கரைக்குச் சற்று நெருக்கமாக நிறுத்தச் சொன்னது என் குற்றம். பின்சக்கரம் அச்சு வரையில் புதைந்தது; முடுக்க முடுக்க இன்னும் ஆழமாக இறங்கிற்று. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களில் முதியவர் ஒருவர் வந்து சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். “அண்ணாச்சி, டயர்ல பாதிக் காத்தப் புடுங்கி விடுங்க. கல்லு மாதிரி வச்சிருந்தா மண்ணு எப்படித் தாங்கும்?” என்றார். காற்று இறங்கித் தட்டையான சக்கரங்களுக்கு அடியில் அவர்கள் பனைமட்டைகளைப் பரப்பி, எட்டுப் பேர் தோள் கொடுக்க, வண்டி மூன்றாவது முயற்சியில் எழுந்தது. பணம் கொடுத்ததற்கு வாங்கவில்லை. கருப்பட்டிக் காப்பி மட்டும் குடித்தார்கள். காற்றடிக்கும் பம்பு வண்டியில் இல்லை. மணற்கரைக்கு வாடகைக்கு விடும் வண்டியில் அது இல்லாதது மன்னிக்கத்தக்கதன்று.

அந்த முதியவரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் முத்துச் சலாபத்தைப்பற்றிப் பேச்சு வந்தது. சிப்பி விளைந்த வருஷங்களில், கடல் அடங்கியிருக்கும் பங்குனி சித்திரையில், வெறும் மணலாய்க் கிடந்த கரையில் சில தினங்களுக்குள் ஓலைக் குடிசைகளால் ஒரு பட்டணமே எழுந்து, முத்துக்குளிப்போரும், படகுக்காரரும், சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஜபிக்கும் கடல்கட்டியும், தூரதேசத்து வியாபாரிகளுமாகக் கடைத்தெரு களைகட்டி, சலாபம் முடிந்தவுடன் வந்த சுவடு தெரியாமல் கலைந்துபோகுமாம். 1961-க்குப் பிறகு இக்கரையில் அது கூடவில்லை. கேட்டுக்கொண்டே என் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். பெயர்த்தெடுத்துக்கொண்டு போகக்கூடிய வீட்டை இந்தக் கரை அறியாததல்ல. ஆனால் அந்த வீடு ஓலையால் ஆனது, எல்லாப் பக்கமும் காற்று புகுந்து புறப்படுவது, வெயிலைத் தடுப்பதொன்றே அதன் உத்தியோகம்.

மூன்றாம் இரவு உவரியில் மெத்தையையே வெளியே இழுத்துப் பந்தலின் கீழ் போட்டுவிட்டோம். வண்டிக்குள்ளிருந்து வயர் இழுத்து ஓடிய சிறு மின்விசிறி விடியும் வரையில் கால் யூனிட்டைத் தாண்டவில்லை. அலையோசையும், கடற்காற்றும், கொசுவலைக்கு அப்பால் நட்சத்திரங்களுமாக, கல்யாணமான புதிதில் மொட்டைமாடியில் படுத்த நாட்களுக்குப் பின் அப்படியொரு நித்திரை எங்களுக்கு வாய்த்ததில்லை. ஓட்டுநர் தம்பி, நாங்கள் வெளியே இருக்கும்போது தாமும் அங்கே படுப்பது முறையல்ல என்று நினைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், ஒரு மணி நேரத்தில் வியர்த்து வழியத் தலையணையோடு இறங்கிவந்து, எங்களுக்கு முதுகு காட்டிச் சற்றுத் தள்ளி மணலில் படுத்துக்கொண்டார்.

நாளொன்றுக்கு 9,000 ரூபாய், டீசல் தனி. இந்தத் தொகைக்குத் திருச்செந்தூரில் நல்ல விடுதியில் இரண்டு அறை எடுத்துக் காருக்கும் கொடுத்து மிச்சமும் பிடிக்கலாம். ஆனால் விடுதிக்காரர் உவரி மணலில் மெத்தை போட்டுத் தரமாட்டார். வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, மார்கழி தையில் தாராளமாக எடுங்கள், வேனிலில் எடுத்தால் கொசுவலையும் புனலும் காற்றுப் பம்பும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள் என்பேன். வண்டி கட்டுகிறவர்களுக்கு, குளிர்சாதனத்துக்குச் செலவழித்த பணத்தில் பாதியை எல்லா ஜன்னல்களையும் திறக்கவைப்பதிலும், வலைக்கதவிலும், இன்னும் நான்கடி பந்தலிலும் போடுங்கள் என்று எழுதியனுப்பியிருக்கிறேன்.

சாயர்புரத்தில் வண்டியை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி உப்பைப் போக்கிக்கொண்டிருந்தபோது, வண்டிக்காரர் கொடுத்தனுப்பியிருந்த மதிப்பீட்டுத் தாளை ஓட்டுநர் தம்பி தயக்கத்தோடு நீட்டினார். ஓட்டம், சுத்தம், சமையலறை என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட்டுக்கொண்டே வந்த என் மனைவி, ‘உறக்கம்’ என்ற வரியில் பேனாவை நிறுத்திவிட்டு, “தம்பி, இதுக்கு மட்டும் நீங்க சொல்லுங்க, எவ்வளவு போடட்டும்?” என்று கேட்டாள்.

அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சிறிது யோசித்து, “எந்த உறக்கத்துக்கும்மா? உள்ளயா, வெளியயா?” என்றார்.