குரலும் உடலும்: டி. ஆர். மகாலிங்கத்தின் நாடக, திரை வாழ்வும் பின்னணிக் குரலின் எழுச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

மதுரை வட்டாரத்து நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த டி. ஆர். மகாலிங்கம் (1924–1978) இன்று ஒருசில பாடல்களின் வழியாகவே நினைவுகூரப்படுகிறார். அவரது எழுச்சி கிட்டப்பாவின் சாயலாகவும், வீழ்ச்சி சொந்தப் படத் தயாரிப்பின் நட்டமாகவும் விளக்கப்பட்டுவிட்டன. பாடுபவரும் நடிப்பவரும் ஒருவராக இருந்த நாடக மரபு, பின்னணிப் பாடலின் வரவால் எவ்வாறு பிளவுண்டது என்பதைக் காட்டும் சான்றாக அவரது வாழ்வை இக்கட்டுரை வாசிக்கிறது. 1938 முதல் 1965 வரையிலான ஐந்து திரைப்படங்கள் ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஸ்பெஷல் நாடகம், பாடக நடிகர், பின்னணிக் குரல், மதுரை, வள்ளி திருமணம், திருவிளையாடல்

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய காலத்தில் அதற்கு நடிகர்களை வழங்கியது நாடக மேடை. எம். கே. தியாகராஜ பாகவதர், பி. யு. சின்னப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோர் மேடையில் பாடிப் புகழ் பெற்ற பின்னரே படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழைந்தனர். இவ்வரிசையில் வயதால் இளையவர் மகாலிங்கம். வைகையின் தென்கரையில், சோழவந்தானை ஒட்டிய தென்கரை என்னும் ஊரில் 1924இல் பிறந்தவர். சிறுவயதிலேயே மேடையேறிய அவர் 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் கண்ணனாக நடித்துத் திரைக்கு அறிமுகமானார்.

நாடகத்துக்கும் திரைக்குமான உறவைத் தியடோர் பாஸ்கரனின் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ (1981) தேசிய இயக்கப் பின்னணியில் ஆராய்ந்தது. சூசன் சைசரின் ‘ஸ்டிக்மாஸ் ஆஃப் த தமிழ் ஸ்டேஜ்’ (2005) மதுரையை மையமாகக் கொண்டு ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் சமூக நிலையை விரிவாகப் பேசியது. இவ்விரு நூல்களின் மையப் பொருள்களுக்கு இடையே ஒரு வினா எஞ்சுகிறது: மேடைக்கென உருவான குரல் திரைக்குள் சென்றபோது அக்குரலுக்கு என்ன நேர்ந்தது?

மேடைக் குரலின் உருவாக்கம்

மதுரை, நாடகக் குரல்களைப் பயிற்றுவித்த நகரம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி பி. யு. சின்னப்பா போன்றோரை வளர்த்தது. பாலர் சபைகளில் பாடம், ஒத்திகை, ஒழுங்கு ஆகியன இருந்தன. ஸ்பெஷல் நாடகத்திலோ ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு, ஒத்திகையின்றி அன்றிரவு மேடையிலேயே சந்தித்துக்கொள்வர். பொதுவான கதையும் பாட்டும் அறிந்திருந்ததே அவர்களை இணைத்தது.

மதுரையைச் சுற்றிய வயல்வெளி ஊர்களில், அறுவடைக்குப் பிந்தைய திருவிழாக் காலத்தில், இரவு தொடங்கி விடியும்வரை இந்நாடகங்கள் நிகழ்ந்தன. ஒலிபெருக்கி பரவலாவதற்கு முன், திறந்தவெளியில் கடைசி வரிசைவரை சொல் கேட்க வேண்டுமெனில் உயர்ந்த சுருதி இன்றியமையாதது. தாளமற்ற விருத்தத்தில் தொடங்கிப் பின் பாட்டுக்குள் இறங்குவது, எதிர்ப்பாட்டுக்கு அந்த இடத்திலேயே விடையளிப்பது, ஆரவாரம் எழுந்தால் அதே வரியை மீண்டும் விரிப்பது ஆகியவை இக்குரலின் இலக்கணம். செங்கோட்டையில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா இதன் உச்சமாகக் கருதப்பட்டார். திரையில் தோன்றாமலே 1933இல் அவர் மறைந்தார்.

மகாலிங்கத்தைக் ‘கிட்டப்பாவின் மறுபிறப்பு’ என்ற பாங்கில் மதிப்பிடுவது இங்கிருந்தே தொடங்குகிறது. உயர்ந்த சுருதியில் இருவருக்கும் ஒற்றுமை உண்டு. ஆயினும் அவ்வொற்றுமையைத் தனிமனிதப் போலச்செய்தலாகக் கருதினால், இருவரையும் உருவாக்கிய பொதுப் பயிற்சியும் வெளியும் மறைந்துவிடுகின்றன. இவ்வாய்வு இதனை ஒரு மரபின் தொடர்ச்சியாகவே கொள்கிறது.

உலக அளவில் ஓர் ஒப்பீடு இவ்வேறுபாட்டைத் துலக்கும். அதே பத்தாண்டுகளில் அமெரிக்காவில் பெரிய வாத்தியக் குழுக்களின் பாடகர்கள் திரைக்குச் சென்றனர். டாமி டார்சி குழுவில் பாடிய பிராங்க் சினாட்ரா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர்களது குரல் ஒலிவாங்கியின் முன் வளர்ந்தது. தாழ்ந்து, செவியருகே பேசுவதுபோல் பாட அக்கருவி இடம் தந்தது. மகாலிங்கத்தின் குரலோ ஒலிவாங்கி இல்லாத வெளிக்கென வளர்ந்து, பின்னர் ஒலிவாங்கியின் முன் நிறுத்தப்பட்டது.

மூன்று படங்கள், மூன்று மாற்றுக் குரல்கள்

ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த மூன்று படங்கள் மகாலிங்கத்தின் எழுச்சிப் பாதையை வகுத்தன. மூன்றிலும் அவருக்கு அருகிலேயே குரல் உடலிலிருந்து பிரிக்கப்பட்டது. இது இதுவரை போதிய கவனம் பெறாத செய்தி.

‘நந்தகுமார்’ (1938) தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கப் படங்களுள் ஒன்று. நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். கண்ணனாக வந்த சிறுவன் மகாலிங்கமோ தாமே பாடினார்.

‘ஸ்ரீவள்ளி’ (1945) அவரை முதன்மை நடிகராக்கியது. பாகவதர் 1944 இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானதால் பாடக நடிகருக்கான இடம் திரையில் வெறுமையாக இருந்த வேளை அது. ஸ்பெஷல் நாடகத்தின் உயிர்நாடியான வள்ளி திருமணக் கதையே படத்தின் கதை. மேடையில் வேடனும் வள்ளியும் பாட்டாலும் தர்க்கத்தாலும் இரவு முழுதும் மோதுவர். திரைக்கு வந்தபோது அத்தர்க்கம் சுருங்கியது. மேலும், வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாடல்கள் மகாலிங்கத்தின் குரலுக்கு ஈடாகவில்லை எனக் கருதப்பட்டு நீக்கப்பட்டன. பி. ஏ. பெரியநாயகியின் குரலில் அவை மீண்டும் பதிவாகிச் சேர்க்கப்பட்டன. இந்நிகழ்வு பெரும்பாலும் தொழில்நுட்பச் சாதனையாகவே எடுத்துரைக்கப்படுகிறது. இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. எதிரே நிற்பவரின் குரலுக்கு அக்கணமே விடையளிப்பது வள்ளி திருமணத்தின் அடிப்படை. அங்கே ஒரு தரப்பின் குரல் பிறகு, வேறோர் அறையில், வேறொருவரால் நிரப்பப்பட்டது. மேடை வளர்த்த குரலின் வலிமையே மாற்றுக் குரலுக்கான தேவையை உருவாக்கியது என்பதே இதன் முரண்.

‘நாம் இருவர்’ (1947) ப. நீலகண்டனின் நாடகத்தை அடியொற்றிய சமூகப் படம். குமாரி கமலாவின் நடனங்களுக்கு டி. கே. பட்டம்மாள் பாடினார். மகாலிங்கம் வழக்கம்போல் சொந்தக் குரலில் பாடினார். ஆடும் உடலுக்கு ஒருவர், பாடும் குரலுக்கு மற்றொருவர் என்னும் பகுப்பு இப்படத்தில் குறையை ஈடுசெய்யும் உத்தியாக இல்லாமல் படத்தின் பெருமைக்குரிய சிறப்பாகவே அமைந்தது.

வீழ்ச்சி என்னும் விளக்கம்

‘வேதாள உலகம்’, ‘ஞானசௌந்தரி’ (இரண்டும் 1948) ஆகியவற்றுக்குப் பின் மகாலிங்கம் தம் மகன் பெயரில் அமைத்த சுகுமார் புரொடக்‌ஷன்ஸ் வழியாக ‘மச்சரேகை’ (1950), ‘மோகனசுந்தரம்’ (1951), தாமே இயக்கிய ‘சின்னதுரை’ (1952), ‘விளையாட்டு பொம்மை’ (1954) ஆகிய படங்களைத் தயாரித்தார். இம்முயற்சிகளில் ஏற்பட்ட பொருள் இழப்பே அவரை வீழ்த்தியது என்பது பரவலான விளக்கம்.

இழப்பு மறுக்க இயலாதது. ஆனால் இதே ஆண்டுகளில் துறையே மாறிக்கொண்டிருந்தது. 1952இல் ‘பராசக்தி’ உரையாடலை நடிப்பின் அளவுகோலாக்கியது. அதில் சிவாஜி கணேசனுக்காகப் பாடியவர் சி. எஸ். ஜெயராமன். 1950இல் ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் அறிமுகமான டி. எம். சௌந்தரராஜன், 1954இல் ‘தூக்குத் தூக்கி’க்குப் பின் நாயகர்களின் நிலையான குரலானார். அவரும் மதுரைக்காரர்; மகாலிங்கத்தைவிட இரண்டு வயது மூத்தவர். தொடக்கத்தில் பாகவதர் பாணியில் பாடியவர். ஒரே வட்டாரத்தில், ஏறத்தாழ ஒரே வயதில் தொடங்கிய இருவருள், திரையில் பெரும்பாலும் குரலாக மட்டும் இயங்கியவர் நிலைபெற்றார். உடலையும் குரலையும் சேர்த்துக் கொணர்ந்தவர் ஓரங்கட்டப்பட்டார். மகாலிங்கத்தின் படங்கள் ஓடாமைக்கான காரணத்தை அவரது வணிகத் திறனில் மட்டும் தேடுவது போதாது என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

இவ்வாதத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். பி. பானுமதி, ஜே. பி. சந்திரபாபு போன்றோர் பின்னணிக் காலத்திலும் சொந்தக் குரலில் பாடி நிலைத்தனர். மகாலிங்கமே 1958இல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யால் மீண்டு வந்தார். விசுவநாதன்–ராமமூர்த்தி இசையில் அப்படத்தின் புகழ்பெற்ற பாடல் தாளமற்ற தொகையறாவில் உயர்ந்து தொடங்கி, பின்னர் துள்ளலான மெட்டுக்குள் இறங்குகிறது. ராஜபார்ட் மேடையேறும் முறையின் எச்சம் அத்தொகையறாவில் கேட்கிறது. எனவே பின்னணிப் பாடல் சொந்தக் குரலை ஒழித்துவிட்டது எனக் கூறுவது மிகை. அது சொந்தக் குரலை விதியிலிருந்து விலக்காக மாற்றியது என்பதே பொருந்தும். பிந்தைய ஆண்டுகளில் மகாலிங்கத்துக்குப் புராண, பக்திப் படங்களே பெரிதும் இடமளித்தன. ‘அகத்தியர்’ (1972) படத்தில் அவர் ஏற்ற நாரதர் வேடம் இதற்குச் சான்று. எல்லா வேடத்திலும் பாடிய நடிகர், பாடகர் வேடத்துக்குரிய நடிகரானார்.

பாணபத்திரரின் அச்சம்

இம்மாற்றத்தின் செறிவான வடிவம் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் கிடைக்கிறது. பரஞ்சோதி முனிவரின் விறகு விற்ற படலத்தைத் தழுவிய பகுதியில், வடநாட்டிலிருந்து வந்த ஏமநாதனோடு பாட வேண்டிய பாண்டிய நாட்டுப் பாணபத்திரராக மகாலிங்கம் நடித்தார். ஏமநாதனாகத் தோன்றியவர் டி. எஸ். பாலையா, பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. விறகுவெட்டியாக வந்த இறைவன் சிவாஜி கணேசன், குரல் டி. எம். சௌந்தரராஜனுடையது. இம்மூவருள் தம் குரலில் பாடியவர் பாணபத்திரர் ஒருவரே. அவர்தான் தோல்வியை அஞ்சிக் கோயிலில் முறையிடுகிறார்.

புராணத்தில் இறைவன் அடியவனுக்காகப் பாடி எதிரியை ஓடச் செய்கிறான். அடியவன் போட்டியில் பாடாமலே வெல்கிறான். திரைமொழியில் நோக்கினால் இதுவே பின்னணிப் பாடலின் இலக்கணம்: ஒருவருடைய வெற்றிக்காக மற்றொருவர் பாடுதல். இறைவனின் பாட்டில் ஒரே நடிகர் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் பல உருவில் தோன்றுகிறார். ஒரு குரலுக்குப் பல உடல்கள் என்னும் இக்காட்சி, குரலும் உடலும் தனித்தனியே இயங்கவல்லன என்பதன் கொண்டாட்டம். அதற்கு வெளியே, கோயிலில் தனித்து நின்று, தம் குரலில் இறைஞ்சும் நாற்பத்தொரு வயது மகாலிங்கத்தின் உருவம் கதையைக் கடந்த பொருள் பெறுகிறது. பாலர் சபை மரபில் வளர்ந்த நாகராஜன் இதைக் கருதியே செய்தார் என நிறுவச் சான்றில்லை. எனினும் அதே படத்தில் சுந்தராம்பாளும் ஔவையாராகத் தம் குரலில் பாடுவதை இணைத்து நோக்கின், மேடைப் பாடகர்க்குத் திரை விட்டுவைத்த இடம் எதுவெனப் புலனாகிறது.

முடிவுரை

மகாலிங்கத்தின் வாழ்வு தனிமனித எழுச்சி, வீழ்ச்சிக் கதையாக மட்டும் சொல்லப்படும்போது, அவரை உருவாக்கிய மதுரை நாடக வெளியும் அவரை விலக்காக்கிய ஒலித் தொழில்நுட்பமும் வரலாற்றிலிருந்து விடுபடுகின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற காப்பகங்களில் உள்ள நாடகப் பாட்டுப் புத்தகங்கள், விளம்பரத் துண்டறிக்கைகள், இசைத்தட்டுகள் ஆகியவற்றைத் திரைப்படங்களோடு ஒருங்குவைத்து ஆராய்ந்தால் மேடைக் குரல் திரையில் அடைந்த மாற்றங்களைப் பாடல்வாரியாகவே காட்ட இயலும். மதுரைப் பகுதியில் வள்ளி திருமணத்தை இன்றும் தம் குரலில் பாடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் உள்ளனர். திரை கைவிட்ட இலக்கணம் அவர்களிடம் வழக்கில் இருக்கும்போதே அவ்வாய்வு மேற்கொள்ளப்பட வேண்டும்.