போட்டோஷாப்பில்தான் தொடங்க வேண்டுமா?

"போட்டோ எடிட் பண்ண எதைக் கத்துக்கறது?" என்று அபிராமபுரத்திலோ மந்தைவெளியிலோ ஒருவர் கேட்டால், ஸ்டுடியோக்காரரும் கணினிப் பயிற்சி மையத்தாரும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "போட்டோஷாப் போட்டுக்கோங்க." கேட்டவர் கல்யாண ஆல்பம் செய்து பிழைக்கப் போகிறவரா, விடுமுறை நாளில் மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றிப் படம் எடுக்கிறவரா என்று விசாரிப்பவர் அரிது. புதிதாகக் கற்க வருகிற எல்லோருக்கும் போட்டோஷாப்பையே முதல் படியாக்கும் இந்த வழக்கத்தில் வலுவும் உண்டு, பழுதும் உண்டு. என் கணக்கில் பழுதே கூடுதல்.

வலுவை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் வெளிவந்தது. நம் ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சில் வைத்துச் செய்துவந்த டச்சிங் வேலை கணினித் திரைக்கு மாறியபோது, போய்ச் சேர்ந்த இடம் அதுதான். இன்று கல்யாண ஆல்பத் தொழில் அதன்மேல் நிற்கிறது. 12×36 அங்குல ஆல்பப் பக்கங்களுக்கான டெம்ப்ளேட்டுகள் போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்புகளாகவே கைமாறுகின்றன. டிசைனர் வேலைக்கு ஆள் எடுப்பவர் முதலில் கேட்பதும் "போட்டோஷாப் தெரியுமா?" என்றுதான். இதைவிடப் பெரிய வசதி, எங்கேயாவது மாட்டிக்கொண்டால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்பது. கற்கத் தொடங்குகிறவருக்கு அது சாதாரண விஷயமில்லை.

பழுது, அந்த மென்பொருளின் இயல்பிலேயே தொடங்குகிறது. மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் உலா. கேமராவோடு போனவர் சில நூறு படங்களோடு வீடு திரும்புவார். உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி வெளுத்துப்போயிருக்கும். பந்தல் நிழலில் முகங்கள் இருண்டிருக்கும். விமானத்தின் பித்தளை கண்ணைப் பறிக்கும். அவருக்கு இப்போது தேவை என்ன? நல்ல படங்களைப் பொறுக்க வேண்டும், வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும், நிறச் சமநிலையைத் திருத்த வேண்டும், ஓரங்களை வெட்ட வேண்டும். ஒரு படத்துக்குச் செய்ததை அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற படங்களுக்கும் ஒரே வீச்சில் பொருத்த வேண்டும். போட்டோஷாப்போ ஒற்றைப் படத்தைத் திறந்துவைத்து, லேயர் மேல் லேயராக அடுக்கி, தலையை வெட்டி வேறு உடம்பில் ஒட்டும் அளவுக்கு நுணுக்கமாக வேலை செய்யப் பிறந்தது. அதனுள் இந்த வேலைகளுக்கென்றே கேமரா ரா என்ற பகுதி இருக்கிறது, உண்மை. ஆனால் நான் பார்த்த பாடத்திட்டங்கள் லேயரில் தொடங்கி பேனரில் முடிகின்றன. அந்தப் பக்கமே போவதில்லை.

இதனால் வரும் இழப்பு பெரிது. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான் உண்டு. கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. வெளுத்துப்போன வேட்டியின் மடிப்பையும் நிழலில் மறைந்த முகத்தையும் ஓரளவு மீட்க முடிவது இந்த வித்தியாசத்தால்தான். லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி போன்ற மென்பொருள்கள் ரா கோப்பைத் தொடாமல், செய்த மாற்றங்களைத் தனிக் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்கின்றன. ஐந்து ஆண்டு கழித்து ரசனை மாறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல், ஜேபெக்கைத் திறந்து, கர்வ்ஸை இழுத்து, அதே பெயரில் சேமிப்பவர் தன் மூலப்படத்தைத் தானே அழித்துவிடுகிறார்.

அடுத்தது காசு. 2012இல் வந்த சி.எஸ்.6தான் ஒருமுறை விலை கொடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய கடைசி முழுப் போட்டோஷாப். 2013இல் அதை வெளியிடும் அடோபி நிறுவனம் சந்தா முறைக்கு மாறியது. அதே நிறுவனத்தின் லைட்ரூமும் 2015இல் வந்த ஆறாம் பதிப்போடு அப்படியே ஆனது. சந்தாவை நிறுத்தினால் லைட்ரூமில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி மூடிக்கொள்ளும். ஆண்டு ஒப்பந்தத்தை இடையில் முறிப்போரிடம் வசூலிக்கும் கட்டணத்தைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று அமெரிக்க அரசே 2024 ஜூனில் அடோபி மீது வழக்குத் தொடர்ந்தது. மாதாமாதம் கட்ட முடியாத மாணவர் என்ன செய்வார்? கிராக் தேடுவார். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. சட்டத்தை விடுங்கள். கிராக் செய்த பழைய பதிப்பில் புதிய கேமராவின் ரா கோப்பு திறக்காது. கூடவே வைரஸும் வரலாம். கற்க வரும் பிள்ளைக்கு முதல் நாளே திருட்டுப் பிரதியைக் கையில் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

தமிழ் எழுதப் போகிறவருக்கு இன்னொரு தொல்லை. பழைய போட்டோஷாப்பில் யுனிகோடு தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்துகள் சிதறும். அதனால்தான் நம் டிசைனர்களால் பழைய குறியாக்க எழுத்துருக்களைவிட்டு வெளியே வரவே முடியவில்லை. புதிய பதிப்புகளில் எழுத்து அமைப்பை மாற்றினால் தமிழ் ஒழுங்காக வரும்; அந்த ஒரு அமைப்பைச் சொல்லித் தருவோர்தான் குறைவு. கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருளில் இந்தச் சிக்கல் இல்லை, யுனிகோடு தமிழ் நேராக வந்து விழும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. ஆல்பத் தொழிலிலிருந்து மென்பொருளைக் கற்பவர் அதன் பழக்கங்களையும் சேர்த்தே கற்கிறார். "பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க" என்ற கோரிக்கைக்குப் பழகிய கை, எந்த முகத்தைப் பார்த்தாலும் வெளுக்க வைக்கிறது. தோலின் துளைகள் மறைகின்றன, கருப்பு பழுப்பாகிறது. இதில் குற்றம் மென்பொருளுடையது அல்ல, கற்பிக்கும் வரிசையுடையது. ஒளியைப் படிக்கக் கற்பதற்கு முன் முகத்தை அழிக்கக் கற்றுக்கொடுக்கிறோம்.

மாற்றுகளும் குறையற்றவை அல்ல. 2011இல் வந்த ஸ்னாப்சீடை 2012இல் கூகுள் வாங்கியது. போனில் இலவசம், ஒரு மாலையில் பழகிவிடலாம். ஆனால் இதே கூகுள்தான் லட்சக்கணக்கானோர் பழகிய பிக்காசாவை 2016இல் கைவிட்டது. டார்க்டேபிள் கட்டற்ற மென்பொருள், ரா கோப்புக்கு மிக நல்லது. திறந்தவுடன் தென்படும் கருவிக் கூட்டம் புதியவரை மிரட்டும், பழைய கணினியில் திணறும். 1995இல் பெர்க்லி மாணவர் இருவர் தொடங்கிய கிம்ப், பின்னர் மாற்றிக்கொள்ளக்கூடிய விளைவுகளை 2025இல் வந்த 3.0 பதிப்பில்தான் கொண்டுவந்தது. ரா கோப்பைத் திறக்க அதற்கு இன்னொரு மென்பொருளின் துணை வேண்டும். சிவகாசி ஆப்செட் அச்சுக்குப் போகும் நான்கு வண்ண வேலையில் போட்டோஷாப்புக்கு ஈடாகாது. சொல்லித்தர ஆளில்லாதது இன்னொரு குறை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில், மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. கட்டற்ற மென்பொருள் அப்போதே வீட்டுக்குள் வந்துவிட்டது. கிம்ப் சொல்லித்தரும் மையத்தைத்தான் இன்றும் தெருத்தெருவாகத் தேட வேண்டியிருக்கிறது.

ஆல்பத் தொழிலுக்குப் போகிறவர் போட்டோஷாப்பையே கற்கட்டும், சந்தா கட்டி, லைட்ரூமோடு சேர்த்து. மற்றவர்கள் போனில் ஸ்னாப்சீடில் தொடங்குங்கள். ரா எடுக்க ஆரம்பித்ததும் டார்க்டேபிளுக்கோ ராதெரபிக்கோ போங்கள். தமிழில் சுவரொட்டி செய்ய கிம்ப் போதும். பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் முதல் வகுப்பில் என்ன நடத்துவீர்கள் என்று கேளுங்கள். ரா கோப்பு என்ற பேச்சே வராவிட்டால், அந்தப் பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி உங்கள் மூலப்படங்களை நகலெடுத்து வையுங்கள்.