பின்னால் நிற்பவர்

கிடார் சங்கீதத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர், முன்னால் வந்து தனியாக வாசிக்கிற 'லீட்' கிடார்க்காரரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பின்னால் நின்று பாட்டைத் தாங்குகிற 'ரிதம்' கிடார்க்காரரின் பெயர்கூடப் பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. நாவலில் கதாநாயகன் வருகிற பக்கங்களை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றைப் புரட்டித் தள்ளும் வாசகரின் பழக்கம் போன்றதுதான் இது. நல்ல ரசனைக்கு இது அடையாளமல்ல என்பது என் கட்சி.

ஏ.சி./டி.சி. குழுவினர் 1980 ஜூலையில் வெளியிட்ட 'பேக் இன் பிளாக்' இசைத்தட்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவ்வருஷம் பிப்ரவரியில் அவர்களுடைய பாடகர் பான் ஸ்காட் காலமானார். புதுப் பாடகர் பிரையன் ஜான்ஸனைச் சேர்த்துக்கொண்டு, பஹாமாஸ் தீவுகளில் நாஸோ நகரத்து ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்தார்கள். கிடார் வாசித்தவர்கள் ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சகோதரர்கள் இருவர். தம்பி ஆங்கஸ் யங் லீட். அண்ணன் மால்கம் யங் ரிதம். இருவருக்கும் மார்ஷல் ஆம்ப்ளிபயர்தான். ஆனால் நாதம் ஒன்றல்ல.

காரணம் எளிது. வால்வு ஆம்ப்ளிபயருக்குள் அது தாங்கும் அளவுக்கு மேல் ஒலியைச் செலுத்தினால், அலையின் உச்சி மழுங்கிக் கரகரப்பு உண்டாகிறது. ஒற்றைச் சுரத்துக்கு அது அழகு. கார்வை நீள்கிறது, மனிதக் குரலின் சாயல்கூட வந்துவிடுகிறது. ஐந்தாறு தந்திகளைச் சேர்த்து மீட்டினாலோ, சுரங்கள் ஒன்றோடொன்று முட்டி, யாரும் வாசிக்காத சுரங்கள் நடுவே முளைக்கின்றன. மிஞ்சுவது இரைச்சல்தான்.

மால்கம் இதை நன்றாக அறிந்தவர். தடித்த தந்திகளைக் கட்டினார். தம்முடைய கிரெட்ச் கிடாரில், தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றி எறிந்தார். கரகரப்பை மிகக் குறைவாகவே வைத்தார். கனத்தைக் கையால் கொண்டுவந்தார். தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு மீட்டலுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. அந்த மௌனம் சுத்தமாக இருப்பதால்தான் அடுத்த மீட்டல் அடி போல விழுகிறது. ஆங்கஸ் தனி வாசிப்புக்குப் போனதும் பாட்டில் பள்ளம் விழாமலிருப்பதற்கும் அண்ணனே காரணம்.

'கரகரப்பு ஏற ஏறத்தானே முரட்டுத்தனம்?' என்று இளைஞர்கள் கேட்பார்கள். மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) தட்டையும் காட்டுவார்கள். நியாயந்தான். அதில் ரிதமே கரகரப்பில் மூழ்கியிருக்கிறது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று தந்திகளையே, உள்ளங்கையால் அடக்கி அடக்கி வாசிக்கிறார்கள். இடைவெளியை அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. வேறு வழியில் சம்பாதித்துக்கொண்டார்கள்.

ஒரே ஆம்ப்ளிபயரில் இரண்டு வேலையும் செய்ய வேண்டியவருக்கும் இதில் பாடம் உண்டு. ரிதத்தை முதலில் அமைக்க வேண்டும். ஒவ்வொரு தந்தியும் தனித்துக் கேட்கும் இடத்தில் கரகரப்பை நிறுத்த வேண்டும். பிறகு லீடுக்குக் கொஞ்சம் சத்தத்தையும் நடுத்தர ஸ்தாயியையும் கூட்டினால் போதும். காலால் மாற்றும் இரண்டாவது சானல் இல்லாவிட்டால், லீடுக்கென்று ஆம்ப்ளிபயரை அமைத்து, ரிதத்துக்குக் கிடாரிலுள்ள குமிழையே சற்றுத் தணித்துக்கொள்ளலாம். அறையில் தனியாக வாசித்துத் தீர்மானிக்கக் கூடாது. டிரம்முடனும் குரலுடனும் சேர்த்துக் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

ஞாபகமறதி நோயினால் மால்கம் 2014-ல் குழுவை விட்டு விலகினார், 2017-ல் காலமானார். அவருடைய இடத்துக்குக் குழுவினர் அழைத்துக்கொண்டது யங் குடும்பத்துப் பிள்ளையான ஸ்டீவி யங்கை. ஆங்கஸின் விரல் வேகத்தை ரசிக்கிற யாரும் அதே தட்டை இன்னொரு தடவை போட்டு, அண்ணனை மட்டும் கவனித்துக் கேட்கட்டும். தம்பி எதன்மேல் நின்றுகொண்டு ஆடுகிறார் என்பது அப்போது விளங்கும்.