அக்கரை வாழ்வும் நம் இலக்கியமும்

உவரிக்கும் மணப்பாட்டுக்கும் இடையே, தேரிமணலை அடுத்த கடற்கரையில் அமைந்த மீனவர் ஊர் பெரியதாழை. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கப் பரதவர்கள். கரையோடு வடகிழக்காகச் சென்றால் மணப்பாடு, குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர், வீரபாண்டியன்பட்டினம், காயல்பட்டினம் என ஊர்கள் தொடர்கின்றன. ஓரூரில் மாதா கோயில், அடுத்த ஊரில் பள்ளிவாசல். மார்க்கம் வேறாயினும் கடல் ஒன்றே. முத்துக்குளித்த காலந்தொட்டு இம்மக்களுக்கு மன்னாரும் கொழும்பும் மதுரையைக் காட்டிலும் நெருங்கிய ஊர்களாகவே இருந்து வந்தன. பின்னர் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், அதன்பின் வளைகுடா. இத்தனை நூற்றாண்டுகள் கடல் கடந்து வாழ்ந்த ஒரு மக்களின் இலக்கியத்தில், அயல்நாட்டில் குடியமர்வதன் அல்லலும் அலுப்பும் எவ்வளவு பதிவாகியுள்ளன என்று தேடிப் பார்க்கும்போது நமக்குக் கிட்டுவது பெரும் ஏமாற்றமே. பிரிவு இருக்கிறது, வரவு இருக்கிறது, இடைப்பட்ட வாழ்வு எழுதப்படவில்லை. அதற்கான காரணங்களையும் அதனால் விளைந்த கேட்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்காரணம் மிகப் பழையது. பொருள்வயிற் பிரிவு என்பது தமிழ் அகப்பாட்டின் பெருந்துறை. தலைவன் பொருள் தேடிப் போகிறான்; தலைவி இல்லத்தில் ஆற்றியிருக்கிறாள். கடற்பயணம் பெண்டிரோடு கூடி நிகழ்வதில்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் ஒரு விதியும் வகுத்திருக்கிறது. அவ்விதிக்கு வேறு பொருள் கூறிய உரையாசிரியரும் உண்டு. ஆயினும் தமிழ்நாட்டுக் கடற்கரை அதைக் கடலைப் பற்றிய விதியாகவே கடைப்பிடித்தது. கப்பலில் பெண் ஏறாதபோது அக்கரையில் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாத இடத்தில் கடை இருக்கும், கிட்டங்கி இருக்கும், கணக்குப் பேரேடு இருக்கும், குடித்தனம் இராது. கடல் கடந்து செல்வம் சேர்க்கச் சொன்ன ஔவையும், சென்ற இடத்தில் எவ்வாறு வாழ்வது என்பது பற்றி ஏதும் சொல்லவில்லை.

நம்முடைய பேச்சு வழக்கே இதற்குச் சான்று பகரும். வெளிநாட்டில் இருப்பவரை நாம் ‘சபுராளி’ என்கிறோம். சபர் என்றால் பயணம். நாற்பதாண்டு கொழும்பிலோ பினாங்கிலோ கடை நடத்தியவரைப் பற்றிக் கேட்டாலும், “பயணம் போயிருக்கிறார்கள்” என்பதே வீட்டாரின் மறுமொழி. ஷரீஅத்தோ இவ்விஷயத்தில் தெளிவான எல்லை வகுத்துள்ளது. ஓரிடத்தில் போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் தங்க முடிவு செய்தவர், ஷாபிஈ மத்ஹபின்படி முஸாபிர் அல்லர்; முகீம். தொழுகையைச் சுருக்கும் சலுகை அவருக்கு இல்லை. ஹனபி மத்ஹபில் இவ்வெல்லை பதினைந்து நாள்கள். சட்டப்படி நான்கே நாளில் குடியிருப்பவராகிவிடும் ஒருவர், மனத்தளவில் நாற்பதாண்டு பயணியாகவே இருந்துவிடுகிறார். இந்த முரண்பாட்டில் ஒரு பெருங்காப்பியத்துக்கே இடமுண்டு. அதை எழுத எவரும் முன்வரவில்லை.

இனி, அக்கரை வாழ்வை எழுதிப் புகழ்பெற்ற நூல்களைப் பார்ப்போம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இல் மணிக்கொடியில் வெளிவந்தது. நெல்லைச் சீமையின் ஏழைப் பெண் ஒருத்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் கதை. தொல்காப்பிய விதியை மீறிக் கடல் கடந்தவள் என்ற வகையில் மருதி நம் இலக்கியத்தில் முக்கியமானவள். எனினும் அவள் குடியேறவில்லை; கொண்டுபோகப்பட்டாள். தோட்டத்து லயம் வீடும் அன்று. அக்கதையின் வன்மை கொடுமையைக் காட்டுவதில் இருக்கிறது. நாம் தேடுவது கொடுமைக்குச் சற்று முன்னதான, நாள்தோறும் நேரும் சிறு சிறு தோல்விகளை.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் அச்சேறியது. 1938இல் மேடான் நகருக்கு வேலைக்குச் சென்று, போர் முடிந்தபின் 1946இல் ஊர் திரும்பியவர் அவர். அந்நாவலின் மேடான் வீதிகளையும் பினாங்குக் கடைகளையும் அங்கே நின்றறிந்த ஒருவரால்தான் எழுத முடியும். அதன் அங்கதமும் மொழிவீச்சும் இன்றுவரை பிறரால் எட்டப்படாதவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் அதில் வருவோர் பெரும்பாலும் வட்டிக்கடையில் உண்டு, கடையிலேயே உறங்கி, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பும் ஆண்கள். கதைத் தலைவன் பாண்டியனின் நெஞ்சில் மதுரை வீதிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவன் ஊர் திரும்புவதும் இல்லை, எங்கும் ஊன்றுவதும் இல்லை. அதற்கு முன்னரே வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் முதலாளியின் குடும்பம் பினாங்கிலேயே வாழ்கிறது. அங்கே ஒரு வீடு இருக்கிறது, வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள். நாம் வேண்டும் கதவு அங்கே சற்றே திறக்கிறது. நாவலோ நிறைவேறாக் காதலின் துயரத்தைப் பின்பற்றிச் சென்றுவிடுகிறது.

பெரியதாழையைப் போன்ற பரதவ ஊர்களின் வாழ்வை ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் 2004இல் எழுதினார். கடலில் தத்தளிக்கும் மூவரைச் சுற்றி அரை நூற்றாண்டு வாழ்வை அது விரிக்கிறது. கடலையும் காற்றையும் மீனையும் அவ்வாறு எழுதியவர் தமிழில் வேறிலர். ஆயினும் அதன் மையம் ஆமந்துறைக் கரையே. இதே கரையிலிருந்து குடும்பத்தோடு சென்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் நிலைத்துவிட்ட பரதவரின் வீடுகள் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவர்களைத்தான் இலங்கை அரசு 2001ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ‘பரதர்’ என்று தனி இனமாகக் குறித்தது. அவர்களுள் பலர் இன்று வீட்டில் சிங்களம் பேசுகிறார்கள். குடியமர்ந்தவர்கள் செலுத்திய விலை அது.

குடியமராதவர்கள் செலுத்திய விலை வேறு. காயல்பட்டினத்துப் பெருமக்கள் கொழும்பில் இரத்தின வணிகம் செய்தனர்; மனைவி மக்களைப் பெரும்பாலும் ஊரிலேயே விட்டுச் சென்றனர். அவ்வூரில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை மனைவி வீட்டில் வாழ வருபவர். ஆக, பிறந்த வீட்டிலும் அவருக்கு நிலையான இடமில்லை, மனைவி வீட்டில் விருந்தினர், கொழும்பில் பயணி. இலங்கைக் குடிக்கணக்கோ அங்குள்ள சோனகரை ‘இலங்கைச் சோனகர்’ என்றும் ‘இந்தியச் சோனகர்’ என்றும் பிரித்தெழுதியது. கொழும்பில் ‘சம்மாங்காரர்’ என்று அழைக்கப்பட்டவர் ஊருக்கு வந்தால் ‘கொழும்புக்காரர்’. 1915இல் கண்டியில் தொடங்கிப் பரவிய கலவரத்தின்போது, இக்கரையிலிருந்து போன வணிகர்மீதே பெரும்பழி சுமத்தப்பட்டது.

1949ஆம் ஆண்டு இலங்கை நாடாளுமன்றம் இந்திய, பாக்கிஸ்தானியக் குடியிருப்போருக்கான குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1க்கு முன்னர் இடைவிடாது அந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. அத்துடன் நில்லாமல், மனைவியும் வயதுவராப் பிள்ளைகளும்கூட அங்கேயே வாழ்ந்து வந்தார்களா என்றும் கேட்டது. “உன் கடை எங்கே?” என்று கேட்டிருந்தால் நம்மவர் வீதியையும் இலக்கத்தையும் சொல்லியிருப்பார்கள். “உன் மனைவி எங்கே?” என்ற கேள்விக்கு மறுமொழி கடலின் இக்கரையில் இருந்தது. நன்முறை என்று நாம் போற்றிக் காத்த ஒரு வழக்கம், அரசின் மேசையில் குடியமரும் எண்ணமின்மைக்குச் சான்றாகிப் போயிற்று. தோட்டத் தொழிலாளர் கதையும் இதற்கு இளைத்ததன்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு தாயகம் வந்தவர்களைத் தமிழ்நாடு ‘சிலோன்காரர்’ என்றே அழைத்தது.

பொதுக் கட்டடங்களைப் பொறுத்தவரை நம்மவர் கைசோர்ந்தவர்கள் அல்லர். சிங்கப்பூரில் சூலியா மக்களின் பள்ளிவாசல் 1826இல் தோன்றியது. சில ஆண்டுகளில் நாகூர் தர்கா எழுந்தது. கொழும்புப் பேட்டையில் சம்மாங்கோட்டுப் பள்ளி 1909இல் முற்றுப்பெற்றது. தொழ இடம் கண்டார்கள். அடக்க இடம் கண்டார்கள். இடையிலுள்ள வாழ்வுக்கு வீடு காணத் தயங்கினார்கள்.

தயங்காமல் கண்டவர்களும் உண்டு. கடையநல்லூர் நெசவாளர் குடும்பங்கள் மனைவி மக்களோடு சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தன. 1941இல் அவர்கள் தங்களுக்கென ஒரு முஸ்லிம் லீக்கை அமைத்தார்கள். 1946இல் அதன் முயற்சியால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தோன்றியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர், நம் எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் சீறாப்புராண ஆசிரியர் உமறுப் புலவரின் பெயர். பெண்களும் குழந்தைகளும் சென்ற இடத்தில்தான் பள்ளிக்கூடம் தேவைப்படுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அந்தப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். மறு ஆண்டு அதே பெயரில் தமிழ்மொழி நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. ஒரு பள்ளிக்கூடத்தின் பிறப்பிலும் முடிவிலும் ஒரு சமுதாயத்தின் குடியேற்ற வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஜே.எம். சாலி போன்ற சிங்கப்பூர்ச் சிறுகதையாளர்கள் இவ்வாழ்வைத் தொட்டிருக்கிறார்கள். அதன் முழு அகலத்துக்கும் ஒரு நாவல் விரிந்து, ‘புயலிலே ஒரு தோணி’யைப் போல் பேசப்படவில்லை.

இரண்டாவது காரணம் கடிதம். நம் குடும்பங்களின் உண்மையான அக்கரை இலக்கியம் அதுவே. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, அனுப்பிய பணத்தின் கணக்கைச் சொல்லி, துஆ வேண்டி முடியும் அந்த வடிவம் ஒரு மரபாகவே இறுகிவிட்டது. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் கதவு சாத்தப்பட்டதை அது சொல்லாது. மொழி தெரியாத மனைவி, நாத்தனாரும் உம்மாவும் இல்லாத மூன்றாம் மாடி அறையில் பகலெல்லாம் பேச ஆளின்றி இருந்ததைச் சொல்லாது. பள்ளியிலிருந்து வந்த பிள்ளை வாப்பாவின் பேச்சைக் கேட்டு நாணியதையும், அனுமதித்தாளைப் புதுப்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வயிறு கலங்கியதையும் சொல்லாது. எழுதினால் வீட்டில் கவலைப்படுவார்கள் என்பது அன்பு. எழுதாமையால் வீட்டார் தவறான உலகொன்றைக் கற்பனை செய்துகொண்டார்கள் என்பது அந்த அன்பின் விளைவு. இன்று கடிதத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. முகம் தெரிகிறது, மரபு மாறவில்லை.

நம் அண்டை மொழியில் இம்மரபு ஒருமுறை உடைந்தது. 1970களின் பிற்பகுதியில் எஸ்.ஏ. ஜமீல் இயற்றிய துபாய்க் கத்துப் பாட்டு, வளைகுடாவிலிருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாகவும் அவன் மறுமொழியாகவும் அமைந்தது. மலபார் முஸ்லிம் வீடுகளில் அது ஒலித்தபோது, மறைத்து வைத்த ஏக்கம் ஊரறியப் பேசப்பட்டது. தமிழில் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் பெண்களின் பக்கத்தைத் துணிந்து எழுதியது. பொருள் தேடி ஆண்கள் அயல்நாடு சென்ற வீடுகளின் அகம் அதில் தெரிகிறது. பாதிக் கடிதம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். மறுமொழி இன்னும் வரவில்லை.

இது வெறும் இலக்கியக் குறையாயின் நாம் இத்துணை வற்புறுத்த வேண்டியதில்லை. வளைகுடா நாடுகளில் இருப்பவரின் நிலை பழைய கொழும்பு வணிகரின் நிலையினும் கடினமானது. கஃபாலா எனும் பொறுப்பாளர் முறை சில நாடுகளில் தளர்த்தப்பட்டிருப்பினும், வேலை முடிந்தால் இருப்பும் முடியும் என்பது பெரும்பாலோர்க்கு மாறவில்லை. குடியுரிமை என்பது நினைத்துப் பார்க்கவும் இயலாதது. 2020 ஜூலை 1ஆம் நாள் ஜலாஸ்வா என்னும் கடற்படைக் கப்பல், ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கடற்கரை மீனவர்கள். முத்துக் குளித்த கரையின் மக்கள் பாரசீக வளைகுடாவில் பிறர் படகில் கூலிக்கு மீன் பிடிக்கிறார்கள் என்பதை அன்றுதான் பலர் அறிந்தனர். ஒரு நோய்த்தொற்று வந்து சொல்லும்வரை நமக்குத் தெரியாமல் இருந்தது, அவர்களைப் பற்றிய எழுத்து நம்மிடம் இல்லாமையாலன்றோ?

ஆதலின், இளம் எழுத்தாளர்களிடம் நாம் கேட்பது ஒன்றே. விமான நிலையக் கண்ணீரும், திரும்பிவந்த பெட்டியின் நறுமணமும் போதும். அறை தேடிய முதல் வாரம், மொழி புரியாத மருத்துவமனை, அடுத்த வீட்டார் மூக்கைப் பொத்திய கருவாட்டுக் குழம்பு, அக்கரையில் பிறந்த மகள் இக்கரைக்கு வந்து அந்நியமாக நின்ற விடுமுறை ஆகியவற்றை எழுதுங்கள். குடியமர முயன்று தோற்றவரையும், குடியமர்ந்தபின் இழந்ததை எண்ணுபவரையும் எழுதுங்கள். குடும்பத்தாரிடமும் ஒரு சொல். பயணத்திலிருந்து வந்தவரிடம் என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்பது நம் வழக்கம். அங்கே எப்படி இருந்தீர்கள் என்றும் ஒருமுறை கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் இடைமறியாமல் கேட்டுக்கொண்டிருங்கள். நம் இலக்கியத்தில் விடுபட்டுப்போன பகுதி பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கிறது.